ஊசி ஏற்ற நரம்பு கிடைக்காதபோது...

"நரம்பு கிடைக்கவில்லை."

அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ் இப்படிச் சொன்னதும் உடன் வந்தவர்களுக்குப் பாதி உயிர் போய்விடுகிறது. சித்தூரிலும் திருப்பதியிலும் இதையே தெலுங்கில் "நரம் தொரகலேது" என்பார்கள். இரண்டு மூன்று இடத்தில் குத்திவிட்டால், "ஊசி போடத் தெரியாதவரா?" என்று உறவினர்கள் சண்டைக்குப் போவதும் உண்டு. அங்கே நடப்பது என்ன என்பதைத் தெரிந்துகொண்டால் இந்தப் பதற்றம் குறையும்.

நரம்பு என்று நாம் சொன்னாலும் ஊசி போவது நரம்பில் அல்ல. இருதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் சிரை என்ற ரத்தக் குழாயில். ஊசியோடு சேர்த்து மெல்லிய பிளாஸ்டிக் குழாயைச் செருகி, ஊசியை மட்டும் உருவிவிடுவார்கள். ஆஸ்பத்திரிகளில் இதை 'வென்ஃப்ளான்' என்பார்கள். குளுக்கோஸ், ரத்தம், மருந்து எல்லாம் இதன் வழியாகவே உடலுக்குள் போகின்றன.

ஏன் ஒளிகிறது?

விபத்தில் ரத்தம் கொட்டினாலும், வாந்தி பேதியில் உடல் நீர் வற்றினாலும், உடல் தன்னைத் தானே காத்துக்கொள்ளப் பார்க்கிறது. மூளைக்கும் இருதயத்துக்கும் ரத்தம் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக, கை கால்களின் தோலுக்கடியில் உள்ள குழாய்களைச் சுருக்கிக்கொள்கிறது. கை ஜில்லிட்டு, சிரை நூல் போல் ஆகிவிடுகிறது. எவருக்கு மருந்து உடனே ஏற வேண்டுமோ, அவருக்குத்தான் வழி அடைபடுகிறது!

கைக்குழந்தைகள், பருமனானவர்கள், முதியவர்கள், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டவர்கள் ஆகியோருக்குச் சாதாரண நாளிலேயே சிரை தேடுவது சிரமம்.

வழி தேடும் முறைகள்

முதலில் கையில் பட்டை கட்டுவார்கள். கையைத் தொங்கவிட்டு, விரல்களை மடக்கி நீட்டச் சொல்வார்கள். வெதுவெதுப்பான துணி சுற்றினாலும் சிரை எழும்பும். கண்ணுக்குத் தெரியாததை விரல் நுனியால் தடவிக் கண்டுபிடிப்பதே அனுபவம். ஒருவர் இரண்டு தடவை முயன்றும் கிடைக்காவிட்டால் மற்றொருவரிடம் விடுவது நல்ல பழக்கம். அது திறமைக் குறைவு அல்ல.

குழாயின் பருமனும் முக்கியம். ரத்தம் வேகமாக ஏற்றப் பச்சை அல்லது சாம்பல் நிறக் குழாய், குழந்தைக்கு மஞ்சள். பருமனும் குட்டையுமான குழாயில்தான் திரவம் வேகமாக ஓடும்.

கையில் கிடைக்காவிட்டால் கழுத்தின் பக்கத்துச் சிரை. பெரிய ஆஸ்பத்திரிகளில் ஸ்கேன் கருவியைக் கையில் வைத்து, ஆழத்தில் ஓடும் சிரையைத் திரையில் பார்த்தே குத்துகிறார்கள். கணுக்காலின் உட்புற எலும்புக்கு முன்னால் ஒரு சிரை உண்டு. அது அநேகமாக எவருக்கும் இடம் மாறுவதில்லை. அங்கே தோலைச் சிறிது கீறிக் குழாய் செருகுவது பழைய முறை.

எலும்பில் ஊசியா?

எதுவும் கைகொடுக்காதபோது முழங்காலுக்குச் சற்றுக் கீழே, முன்னங்கால் எலும்பிலேயே ஊசி இறக்குவார்கள். இதைப் பார்த்து உறவினர்கள் அலறத் தேவையில்லை. மஜ்ஜையில் உள்ள ரத்தக் குழாய்களை எலும்பே தாங்கி நிற்பதால் அவை சுருங்குவதில்லை. அங்கே ஏற்றும் மருந்து உடனே ரத்தத்தில் கலந்துவிடும். வேறு வழி கிடைத்ததும், ஒரு நாளுக்குள், ஊசியை எடுத்துவிடுவார்கள்.

பாம்புக்கடியில்

வேர்க்கடலைக் காடுகள் நிறைந்த சித்தூர்ச் சீமையில் கண்ணாடி விரியன் பயம் உண்டு. விஷமுறிவு மருந்தைச் சிரையில்தான் ஏற்ற வேண்டும். ஆனால் விரியன் கடித்தவருக்கு ரத்தம் உறையாது. கழுத்தின் ஆழத்தில் குத்தி ரத்தம் கசிந்தால், அழுத்தி நிறுத்துவது கடினம். ஆகவே அழுத்திப் பிடிக்க வசதியான கைச் சிரையையே, அதுவும் கடிபடாத பக்கத்தில், டாக்டர்கள் பொறுமையாகத் தேடுகிறார்கள். அந்தத் தாமதத்தைத் தவறாக எண்ணக் கூடாது.

நாம் செய்யக்கூடியது

1832-ல் ஸ்காட்லாந்தில் தாமஸ் லாட்டா என்ற டாக்டர், காலரா நோயாளிகளுக்கு முதன்முதலாகச் சிரை வழியே உப்பு நீர் ஏற்றினார். 1971-ல் வங்காளத்தின் பன்காவ் அகதிகள் முகாமில் ஏற்றுவதற்கான பாட்டில்கள் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே பெரும்பாலோரைக் காப்பாற்றினார். பேதி தொடங்கியதுமே அந்த நீரைக் குடிக்கக் கொடுத்தால், சிரை வற்றும் நிலைக்குப் போகாமல் தடுக்கலாம். நினைவு இருப்பவருக்கு மட்டுமே வாய்வழி கொடுக்க வேண்டும்.

ஆந்திராவில் 2005 ஆகஸ்ட் 15 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. திருப்பதி ரூயா ஆஸ்பத்திரியோ, ஸ்விம்ஸோ, வேலூர் சி.எம்.சி.யோ, எங்கே போனாலும் சீக்கிரம் போவதே பாதி சிகிச்சை. நோயாளி டயாலிசிஸ் செய்பவரானால், இணைப்பு வைத்த கையில் ஊசி போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முன்பு எந்தக் கையில் சிரை சுலபமாகக் கிடைத்தது என்பதையும் சொல்லுங்கள். தெலுங்கு வராவிட்டால் கையைத் தொட்டுக் காட்டினாலே போதும்.

குத்துபவரைச் சுற்றி நின்று கூச்சல் போடாமல், வெளிச்சத்தை மறைக்காமல் விலகி நில்லுங்கள். அந்த நேரத்தில் நோயாளிக்கு நாம் செய்யும் பெரிய உதவி அதுதான்.