இதுவும் ஒரு பாட்டா?

"இதுவும் ஒரு பாட்டா?" என்று கேட்கிறார் அப்பா.

"இதுதானப்பா பாட்டு!" என்கிறாள் மகள்.

"இரண்டு பேரும் கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள். அக்கம்பக்கம் சிரிக்கப் போகிறது!" என்கிறார் அடுப்படியிலிருந்து அம்மா.

புதுச்சேரி நெல்லித்தோப்பில் எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய சண்டைதான் இது. இந்த ஊரார் காதுக்குப் பல வகை இசை பழக்கம். கோவில் திருவிழாவுக்கு நாதசுரமும் தவிலும் உண்டு. மாதா திருநாளுக்குப் பேண்டு வாத்தியம் உண்டு. சாவு வீட்டுக்குப் பறை உண்டு. பிரான்சு நாட்டில் 1982-ம் ஆண்டு தொடங்கிய ஜூன் 21 இசைத் திருநாளையும் புதுச்சேரிக்காரர்கள் அறிவார்கள்.

இத்தனையும் கேட்டுப் பழகியவர்களையே இரண்டு கட்சியாகப் பிரிக்கக்கூடிய ஒரு பாட்டுக் கோஷ்டி உண்டு. அதன் பெயர் "தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்". சாதியற்றோர் கூட்டு என்று பொருள்.

19 பேர் ஏறிய மேடை

2018-ம் ஆண்டு ஜனவரி மாதம் 6-ந் தேதி. சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானம். மார்கழி மாதம். சபாக்களில் கர்நாடக சங்கீதக் கச்சேரிகள் நடக்கும் காலம். இந்த மைதானத்திலும் அன்று ஒரு கச்சேரி நடந்தது. ஆனால் வேறு மாதிரிக் கச்சேரி!

மேடையில் 19 பேர். கோட்டும் சூட்டும் அணிந்திருந்தார்கள். ஒரு பக்கம் மின்சாரக் கிதாரும் டிரம்சும் முழங்கின. மறு பக்கம் பறை, தவில், சட்டி, கட்ட மோளம். கானாப் பாட்டும், ராப் பாட்டும், ராக் இசையும் ஒன்றாகக் கலந்து வந்தன.

"மெட்ராஸ்", "கபாலி" ஆகிய படங்களை எடுத்த டைரக்டர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், தென்மா என்ற இசைக் கலைஞரும் சேர்ந்து உருவாக்கிய கோஷ்டி இது. அயோத்திதாச பண்டிதர் (1845–1914) சொன்ன சாதியற்ற தமிழர் என்ற கருத்திலிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள். 1907-ல் "ஒரு பைசாத் தமிழன்" என்ற பத்திரிகையைத் தொடங்கியவர் அந்தப் பண்டிதர்.

அம்பேத்கரைப் பற்றிப் பாடினார்கள். இட ஒதுக்கீட்டைப் பற்றிப் பாடினார்கள். மாட்டுக்கறியைப் பற்றியும் பாடினார்கள். கோஷ்டியில் அப்போது இருந்த ஒரே பெண் பாடகி இசைவாணி. வடசென்னை ராயபுரத்தில் வளர்ந்தவர். கானா என்றால் ஆண்கள் பாடுவது என்று இருந்த வழக்கத்தை மீறி வந்தவர். 2020-ம் ஆண்டு பி.பி.சி. நிறுவனம் வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது.

அதே கோஷ்டியில் பாடிய அறிவு, 2021 மார்ச்சில் வெளிவந்த "எஞ்சாயி எஞ்சாமி" பாட்டின் மூலம் கடல் கடந்தும் பெயர் பெற்றார்.

அது என்ன ராக்? அது என்ன இண்டி?

ராக் என்பது 1950-களில் அமெரிக்காவில் பிறந்த இசை. மின்சாரக் கிதார், டிரம்சு, உரத்த குரல் ஆகிய மூன்றும் அதற்கு முக்கியம். ராப் என்பது தாளத்துக்கு ஏற்றபடி சொற்களை வேகமாக அடுக்கிச் சொல்வது.

இண்டி என்றால் சுதந்திரமான இசை. பெரிய கம்பெனியின் தயவு இல்லாமல் தாங்களே எழுதி, தாங்களே இசையமைத்து, தாங்களே வெளியிடுவது. 1977 ஜனவரியில் இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்து வாலிபர்கள் சிலர் ஒரு காரியம் செய்தார்கள். பஸ்காக்ஸ் என்பது அவர்கள் கோஷ்டியின் பெயர். தெரிந்தவர்களிடம் 500 பவுன் கடன் வாங்கி, 4 பாட்டு அடங்கிய இசைத்தட்டைத் தாங்களே வெளியிட்டார்கள். இசைத்தட்டு விற்றது. அதைப் பார்த்துப் பலருக்கும் துணிச்சல் வந்தது.

நம் நாட்டில் இந்தத் துணிச்சலுக்கு ஒரு பெரிய தடை உண்டு. அதுதான் சினிமா! 1931-ல் முதல் தமிழ்ப் பேசும் படம் "காளிதாஸ்" வந்தது. அது முதல் நாம் முணுமுணுக்கும் பாட்டில் பெரும் பகுதி சினிமாப் பாட்டுதான். படத்தில் கதாநாயகன் இருப்பான், கதாநாயகி இருப்பாள், காட்சி இருக்கும். பாட்டைத் தாங்கிப் பிடிக்க அத்தனை பேர்! சினிமா இல்லாத பாட்டுக்குத் தாங்கிப் பிடிக்க யாரும் இல்லை. தன் சொந்தக் காலில் நிற்க வேண்டும். ஆகவேதான் இப்படிப்பட்ட கோஷ்டி ஒன்று புறப்பட்டாலே வாதம் கிளம்புகிறது.

பிடிக்காதவர்கள் சொல்வது

"இது பாட்டு அல்ல, மேடைப் பேச்சு. பேச்சுக்குத் தாளம் போட்டால் பாட்டாகிவிடுமா?" என்று கேட்கிறார்கள் பிடிக்காதவர்கள்.

"ஒரே நேரத்தில் இத்தனை வாத்தியம் முழங்கினால் சொல் எப்படிக் காதில் விழும்? சொல்தான் முக்கியம் என்கிறீர்கள். அந்தச் சொல்லையே சத்தம் விழுங்கிவிடுகிறதே!" என்கிறார்கள்.

"கானா நம்முடையது, சரி. கிதாரும் ராப்பும் எதற்கு? இரவல் சட்டைதானே அது?" என்கிறார்கள்.

"கருத்து பிடித்துவிட்டது என்பதற்காக எல்லாப் பாட்டையும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறீர்கள். அது ரசனையா?" என்றும் கேட்கிறார்கள்.

பிடித்தவர்கள் சொல்வது

பிடித்தவர்களும் சும்மா இருக்கவில்லை.

"கானா வடசென்னையின் உழைப்பாளிகள் வளர்த்த பாட்டு. சாவு வீட்டில் இரவெல்லாம் விழித்திருந்து பாடியவர்கள் அவர்கள். மாலை போட்டு மேடையில் அவர்களை உட்கார வைத்தவர் எத்தனை பேர்?" என்கிறார்கள்.

"காதலைப் பாடினால் பாட்டு, பசியைப் பாடினால் பேச்சா? கடவுளைப் பாடினால் பாட்டு. அவமானத்தைப் பாடினால் கோஷமா?" என்று கேட்கிறார்கள்.

"சட்டியும் டிரம்சும் எதிர் எதிரே நின்று பேசிக்கொள்வதைக் கேட்டீர்களா? வீட்டில் உட்கார்ந்து கேட்டால் போதாது. மைதானத்தில் நின்று கேட்க வேண்டும்!" என்கிறார்கள்.

இரண்டு கட்சியிலும் நியாயம் இருக்கிறது. வேகமான ராப் வரும்போது முதல் தடவையில் பாதிச் சொல் பிடிபடுவதில்லை என்பது உண்மைதான். தாள வாத்தியங்கள் தனியாக ஓங்கும் இடத்தில், கால் தானாகத் தாளம் போடுகிறது என்பதும் உண்மைதான்!

இந்த வழக்கு புதிதல்ல

இரவல் வாத்தியம் என்ற குற்றச்சாட்டை முதலில் பார்ப்போம். கர்நாடகக் கச்சேரியில் பாடகருக்குப் பக்கத்தில் வயலின் இருக்கிறது. அது எந்த ஊர் வாத்தியம்? ஐரோப்பாவிலிருந்து வந்தது! முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) அதைக் கற்று நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரி அபூர்வம்.

ஆர்மோனியத்தின் கதை வேறு. 1940-ல் அகில இந்திய வானொலி அதற்குத் தடை போட்டது. 1971-ல்தான் தடை தளரத் தொடங்கியது. இடையில் 31 ஆண்டுகள்! அப்போதும் நாடகக் கொட்டகையிலும் பஜனை மடத்திலும் ஆர்மோனியம் ஒலித்துக்கொண்டுதான் இருந்தது.

பாட்டின் சொல்லைப் பற்றியும் நம்மவர்கள் சண்டை போட்டிருக்கிறார்கள். கச்சேரியில் தமிழ்ப் பாட்டுக்கு முதலிடம் வேண்டும் என்று 1940-களில் ஓர் இயக்கம் எழுந்தது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்றார். கல்கியும் ராஜாஜியும் துணை நின்றார்கள். "சங்கீதத்துக்கு மொழி ஏது?" என்று எதிர்க்கட்சி கேட்டது. பத்திரிகைகளில் காரசாரமான விவாதம் நடந்தது. 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது.

அயல் நாட்டிலும் இதே கதைதான். அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் 1965 ஜூலை 25-ந் தேதி நியூபோர்ட் என்ற ஊரில் நடந்த நாட்டுப்பாடல் விழாவில் மின்சாரக் கிதாருடன் மேடை ஏறினார். கூட்டத்தில் ஒரு பகுதியினர் கூச்சல் போட்டார்கள். அதே பாப் டிலனுக்கு 2016-ல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது!

எதிர்ப்புக்கு ஆளானதெல்லாம் பின்னால் உயர்ந்துவிடும் என்று இதற்குப் பொருள் அல்ல. எத்தனையோ பாட்டு வந்தது, போனது. முதல் நாள் கூச்சலை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது என்பதுதான் பொருள்.

வாதம் வழி தவறினால்?

இசைவாணி பாடிய பாட்டு ஒன்று, கோவிலுக்குள் பெண்கள் நுழையும் உரிமையைப் பற்றியது. அதில் ஐயப்பன் பெயர் வருகிறது. சபரிமலைக்கு எல்லா வயதுப் பெண்களும் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 28-ந் தேதி தீர்ப்புச் சொன்ன காலத்துப் பாட்டு அது.

ஆண்டுகள் பல சென்றன. 2024 நவம்பரில், பக்தர்கள் மாலை போடும் நேரத்தில், அந்தப் பழைய பாட்டு மறுபடியும் பரவியது. பக்தர்கள் மனம் புண்பட்டது என்று போலீசில் புகார்கள் கொடுத்தார்கள். பாடியவரைக் கைது செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். தனக்கு மிரட்டல்கள் வருகின்றன என்று இசைவாணியும் போலீசில் புகார் கொடுத்தார்.

மாலை போட்டு, விரதம் இருந்து மலை ஏறும் பக்தருக்கு மன வருத்தம் வரலாம். அதை அவர் வாய்விட்டுச் சொல்லலாம். ஆனால் ஒரு பெண்ணை மிரட்டுவது எந்த விரதத்திலும் சேராது.

மூன்று கேள்வி, மூன்று பதில்

நம் வீட்டுச் சண்டை ஏன் தீருவதில்லை? மூன்று கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். அவற்றைத் தனித்தனியே பிரித்து வைத்துப் பாருங்கள்.

முதல் கேள்வி: பாட்டு நன்றாக இருக்கிறதா? இதற்குக் காதுதான் பதில் சொல்ல வேண்டும். சொல் புரிகிறதா? தாளம் நிற்கிறதா? மூன்று நாள் கழித்தும் மெட்டு நினைவில் இருக்கிறதா? இவற்றைப் பாருங்கள். பாடுகிறவர் எந்தத் தெருக்காரர், வாத்தியம் எந்தத் தேசத்தது என்று பார்க்க வேண்டாம்.

இரண்டாவது கேள்வி: பாட்டு சொல்லும் கருத்து சரியா? இதற்கு அறிவுதான் பதில் சொல்ல வேண்டும். கருத்து பிடித்திருந்தும் பாட்டு சுமாராக இருக்கலாம். கருத்து பிடிக்காமலும் பாட்டு அருமையாக இருக்கலாம். "பாட்டு சுமார்" என்று சொன்னவரைச் சாதி வெறியர் என்று ஏசுவதும் தவறு. "பாட்டு பிரமாதம்" என்று சொன்னவரைக் கலகக்காரர் என்று ஏசுவதும் தவறு.

மூன்றாவது கேள்வி: அவர்களுக்குப் பாட உரிமை உண்டா? இதற்குப் பதில் நம் அரசியல் சட்டத்தில் இருக்கிறது. 19-வது பிரிவு எல்லாக் குடிமக்களுக்கும் கருத்துச் சொல்லும் உரிமையைத் தருகிறது. நியாயமான கட்டுப்பாடுகளையும் அதே பிரிவு சொல்கிறது. எல்லை மீறப்பட்டதா என்று தீர்மானிக்க நீதிமன்றம் இருக்கிறது.

நம் காதுக்குப் பிடித்தவர்கள் மட்டும்தான் பாடலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அப்படி ஒரு சட்டம் இருந்தால் முதலில் நம் குளியலறைப் பாட்டுக்குத்தான் ஆபத்து!

ஆகவே அப்பாமார்களே, பாட்டு முடியும் வரை பொறுத்திருந்து பிறகு குறை சொல்லுங்கள். பிள்ளைகளே, அப்பா சொல்லும் குறையையும் காது கொடுத்துக் கேளுங்கள். சில சமயம் அதில் சரக்கு இருக்கும். பிறகு அவருக்குப் பிடித்த பழைய பாட்டு ஒன்றைப் போடச் சொல்லி, நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அந்தப் பாட்டையும் உங்கள் தாத்தா, "இதுவும் ஒரு பாட்டா?" என்று கேட்டிருப்பார்!