பனியாற்றில் வாழும் உயிர்கள்

உயர்ந்த மலைகளில் ஒரு வருஷத்தில் பெய்த பனி மறு வருஷத்துக்குள் முழுதும் உருகாமல் மேன்மேலும் படியுமாயின், அது தன் பாரத்தாலேயே அழுந்திக் கெட்டியான பனிக்கட்டியாகிப் பள்ளத்தை நோக்கி மெல்ல நகரும். இதனையே பனியாறு என்பர். ஹிமாலய பர்வதத்தில் இத்தகைய பனியாறுகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. இவை உயிரற்ற பாழிடங்கள் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் சரியன்று.

காற்றினால் கொண்டுவரப்படும் புழுதியும் மகரந்தமும் கரித்தூளும் பனிக்கட்டியின்மேல் படிகின்றன. கறுத்த பொருள் வெயிலின் உஷ்ணத்தை மிகுதியாக ஏற்கும் என்பதைக் கரிசல் நிலமுடையோர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. ஆதலால் அத்தூள் தன் அடியிலுள்ள பனியை உருக்கிச் சிறு குழிகளை உண்டாக்குகிறது. குழியில் தேங்கிய நீரில் நீலப்பச்சைப் பாசிகளும் நுண்கிருமிகளும் வளர்கின்றன. 1870-ஆம் வருஷத்தில் கிரீன்லாந்தின் பனிப்பரப்பில் இத்தூளைக் கண்ட நார்டென்ஷெல்டு என்னும் ஸ்வீடன் தேசத்து ஆராய்ச்சியாளர், குளிர்த்தூள் எனப் பொருள்படும் ‘கிரையோகொனைட்’ என்ற பெயரை அதற்கு இட்டார்.

பாசி உள்ளவிடத்தில் அதனை உண்ணும் பிராணியும் உண்டு. நேபாள தேசத்து லாங்டாங் பள்ளத்தாக்கில், 5,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், யாலா என்னும் பனியாறு உளது. அங்கே வாழும் ஒருவகைச் சிறு பூச்சியைக் குறித்து 1984-ஆம் வருஷத்தில் ஜப்பானிய விஞ்ஞானி கோஷிமா எழுதி வெளியிட்டார். இதன் புழுக்கள் உருகுநீர் ஓடும் கால்களில் பாசியையும் கிருமிகளையும் உண்டு வளர்கின்றன. வளர்ந்த பூச்சி, சிறகு குறுகியதாகையால் பறக்கமாட்டாது. பனியின்மேல் நடந்தே திரியும். பூஜ்யத்துக்குக் கீழ் 16 டிகிரி சென்டிகிரேடு குளிரிலும் அது நடமாடக் காணப்பட்டது.

இவ்வுயிர்களின் இருப்பிடம் இப்பொழுது அழிந்து வருகிறது. புதுப்பனி தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் திருப்பியனுப்பும். அழுக்குப் படிந்த பனிக்கட்டியோ அதிற் பெரும்பங்கைத் தானே ஏற்று உருகும். இயல்பான புழுதியும் பாசியும் கறுப்பூட்டும். அதனுடன் அடுப்பு, சூளை, மோட்டார் வண்டி ஆகியவற்றின் புகையும், கங்கைச் சமவெளியிலும் பஞ்சாபிலும் அறுவடைக்குப்பின் எரிக்கப்படும் தாள்களின் புகையும் சேர்கின்றன. உலகின் உஷ்ணமும் ஏறிவருகிறது. யாலாப் பனியாறு 1974-ஆம் வருஷம் முதல் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறுகிவிட்டது. 2025-ஆம் வருஷம் மே மாதத்தில் அதன் அருகே நினைவுப் பலகைகள் வைக்கப்பட்டன.

பனியாறு தேய்வதனால் நஷ்டமடைவோர் அவ்வுயிர்கள் மட்டுமல்லர். மழை மிகக் குறைந்த லடாக்கில் வாற்கோதுமை பயிரிடும் குடியானவர்கள் மலையிலிருந்து உருகிவரும் நீரையே வாய்க்கால்களில் திருப்பிப் பாய்ச்சுகின்றனர். பனியாறு தேயுங்காலத்தில் முதலிற் சில வருஷங்கள் நீர் பெருகக்கூடும். அப்பெருக்கைக் கண்டு மகிழ்வதற்கில்லை. அது முதலை அழித்துச் செலவிடுதல் போன்றது. கட்டி சிறுத்தபின் வாய்க்காலும் வற்றும்.

தாளை எரிப்பதனால் எரிப்பவர்க்கும் லாபமில்லை. அதிலுள்ள தழைச்சத்தின் பெரும்பகுதி புகையோடு போகிறது. மண்ணுக்கு மக்காகவேண்டிய பொருளும் சாம்பலாகிறது. எந்த ஜில்லாவிலும் இது பொருந்தும். ஆகவே மாட்டுத் தீவனத்துக்குப் போக எஞ்சிய தாளை ஈரமிருக்கும்போதே மடக்கி உழுதல் வேண்டும்; அல்லது குப்பைக்குழியில் சாணத்துடன் அடுக்கி மக்கச் செய்தல் வேண்டும். கிராம உத்தியோகஸ்தர்கள் இதனை அறுவடைக்கு முன்னரே குடிகளுக்கு எடுத்துரைப்பது நலம்.