உள்வைப்பு வழி மார்பக மறுசீரமைப்பின் சிக்கல்கள்

உள்வைப்பு வழி மார்பக மறுசீரமைப்பு என்பது, புற்றுநோய் காரணமாக மார்பகம் அகற்றப்பட்டவருக்குச் சிலிக்கோன் கூழ் அல்லது உப்புநீர் நிரம்பிய பையைத் தோலுக்கோ மார்புத் தசைக்கோ அடியில் பொருத்தி, மார்பக வடிவத்தை மீட்டளிக்கும் அறுவைச் சிகிச்சை ஆகும். இப்பை வாழ்நாள் முழுவதும் நிலைக்கக் கூடியதன்று. ஆகவே தொடர் கண்காணிப்பும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கொள்ளப்படுகிறது.

பின்னணி

சிலிக்கோன் உள்வைப்பு முதன்முதலில் 1962ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் தாமஸ் குரோனின், பிராங்க் ஜெரோ ஆகியோரால் பொருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் ஏழைப் பெண்களுக்கு இதனை இலவசமாக வழங்கும் திட்டம் 2018 பெப்ரவரியில் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் தொடங்கப்பட்டது.

தொடக்கக் காலச் சிக்கல்கள்

முதல் ஓரிரு நாட்களில் ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் அது குருதிக்கட்டாக இருக்கலாம். மீண்டும் திறந்து குருதியை அகற்ற வேண்டியிருக்கும். காய்ச்சல், சிவத்தல், சீழ் ஆகியன தொற்றின் அறிகுறிகள். நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்துக்குத் தொற்று அடங்காவிடில் உள்வைப்பை எடுத்துவிட்டு, சில மாதங்கள் கழித்தே மறுபடி பொருத்துவர். தோல் கருத்து அழுகுதல் புகைப்பவரிடமும் நீரிழிவு நோயாளரிடமும் மிகுதி.

உறை இறுக்கம்

உடல் எந்த அயற்பொருளைச் சுற்றியும் வடுத்திசுவால் ஓர் உறையை அமைக்கும். இது இயல்பே. அவ்வுறை சுருங்கி உள்வைப்பை நெரிப்பதே உறை இறுக்கம். பேக்கர் அளவீட்டில் இது நான்கு படிகளாக வகுக்கப்படுகிறது: முதற்படியில் மார்பகம் மென்மையாக இருக்கும், நான்காம் படியில் கடினமாகி, வடிவம் மாறி, வலிக்கும். கதிர்ச்சிகிச்சை பெற்றவர்களுக்கு இவ்வாய்ப்பு கூடுகிறது. முற்றிய நிலையில் உறையை அகற்றி உள்வைப்பை மாற்றுவர். அல்லது வயிறு, முதுகுப் பகுதிகளின் சொந்தத் திசுவைக் கொண்டு மீண்டும் அமைப்பர். கதிர்பட்ட தோலுக்குப் பின்னது பெரும்பாலும் ஏற்றது.

உடைதலும் அரிய புற்றுநோயும்

உப்புநீர்ப் பை உடைந்தால் மார்பகம் சுருங்குவதால் உடனே தெரியும். சிலிக்கோன் பையோ ஓசையின்றி உடையும். எனவே பொருத்திய 5-6 ஆண்டுகளில் முதல் முறையும், பின்னர் 2-3 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் மீயொலி அல்லது காந்த அதிர்வுப் படம் எடுக்குமாறு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பரிந்துரைக்கிறது.

சொரசொரப்பான மேற்பரப்புடைய உள்வைப்புகளைச் சூழ்ந்து ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் அரிதாகத் தோன்றுகிறது. இதனால் அலர்கான் நிறுவனம் 2019 ஜூலையில் தன் பயோசெல் வகைகளைத் திரும்பப் பெற்றது. ஓராண்டு கடந்தபின் புதிதாக நீர் கோத்தால், அந்நீரை உறிஞ்சிச் சோதிப்பது இன்றியமையாதது.

வேலூர் - ஆம்பூர் வட்டாரம்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகியவற்றின் காலணி ஆலைகளில் பெண்களே பெருமளவில் பணிபுரிகின்றனர். 1900இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய கிறித்தவ மருத்துவக் கல்லூரி வேலூரில் உள்ளது. 1940களின் இறுதியில் பால் பிராண்ட் தொழுநோயாளரின் கைகளைச் சீரமைத்தது இங்குதான். ஆகவே இவ்வட்டாரத்தில் இடர் தொலைவன்று, ஒரு நாள் கூலியை இழப்பதே. வலியில்லாதபோது பரிசோதனையைத் தள்ளிப்போடத் தோன்றுவது இயல்பு. ஓசையற்ற உடைவு மறைந்திருப்பதும் அப்போதுதான். தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் (இஎஸ்ஐ) உள்ளோர், மருத்துவர் சான்றின்பேரில் ஆண்டுக்கு 91 நாட்கள் வரை 70 விழுக்காட்டு ஊதியத்தை நோய்க்கால உதவியாகப் பெறலாம். தையல் இயந்திரத்தில் நாள் முழுதும் கையை இயக்குவோர், வேலைக்குத் திரும்பும் நாளை அறுவை மருத்துவரிடம் தம் பணியைக் கூறியே முடிவு செய்தல் நன்று.

உள்வைப்பின் நிறுவனம், வகை, வரிசை எண் ஆகியன குறித்த அட்டை நோயாளியிடமே இருத்தல் வேண்டும். பிரான்சின் பிஐபி நிறுவனம் மருத்துவத் தரமற்ற சிலிக்கோனைப் பயன்படுத்தியது 2010இல் வெளிப்பட்டபோது, தம்முள் இருப்பது எந்த நிறுவனத்தினது என்பதை அறியவே பலர் இத்தகைய பதிவுகளைத் தேட வேண்டியிருந்தது. தற்காலிகத் தோல் விரிப்பான் பொருத்தியுள்ளவர், காந்த அதிர்வுப் படத்திற்கு முன் அதனைத் தெரிவிக்க வேண்டும். சிலவகை விரிப்பான்களில் காந்தம் உள்ளது.