வெட்டி ஒட்டிய எழுத்துகள்

ஆளைக் கடத்தியவன் பணம் கேட்டு அனுப்பும் கடிதத்தைச் சினிமாவில் பார்த்திருப்போம். செய்தித்தாள் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கத்தரித்து ஒட்டியிருப்பான். கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்பதுதான் காரணம். இதே உத்தி வரைகலையில் ஒரு தனிப் பாணியாகவே வளர்ந்திருக்கிறது.

அச்சில் ஒரு வரி முழுக்க ஒரே எழுத்துரு, ஒரே அளவு, ஒரே மட்டம் இருக்கும். அதனால்தான் கண் எங்கும் தடுக்காமல் பொருளைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. வெட்டி ஒட்டிய வரியில் ஒரு எழுத்து தடித்திருக்கும், அடுத்தது மெலிந்து சாய்ந்திருக்கும், மூன்றாவது கறுப்புக் கட்டத்துக்குள் வெள்ளையாக நிற்கும். கண் ஒவ்வொன்றிலும் நின்று நின்று போக வேண்டும். அதனால் இந்தப் பாணி நாலைந்து சொல் தலைப்புக்குப் பொருந்தும், பத்திக்கு ஆகாது.

முதல் உலகப் போர் முடிந்த கையோடு, பெர்லினில் 'டாடா' என்ற கலை இயக்கத்தைச் சேர்ந்த ஹன்னா ஹோக்கும் ராவுல் ஹவுஸ்மனும் பத்திரிகைப் படங்களையும் எழுத்துகளையும் வெட்டிச் சேர்த்துப் படைப்புகள் செய்தார்கள். உலகமெங்கும் இதைப் பரப்பியது 1977இல் வெளிவந்த ஒரு இசைத்தட்டு உறை. லண்டனின் 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' என்ற பங்க் இசைக்குழுவுக்காக அதை வடிவமைத்தவர் ஜேமி ரீட். குழுவின் தொடக்ககாலத் துண்டறிக்கைகளிலேயே ஹெலன் வெலிங்டன்-லாய்ட் இந்தப் பாணியைக் கையாண்டிருந்தார். உறை வெளிவந்த 1977, எலிசபெத் ராணி அரியணை ஏறிய வெள்ளி விழா ஆண்டு. உறையில் இருந்த ராணியின் படத்தில் கண்களைக் கிழித்து அங்கே இசைத்தட்டிலிருந்த பாட்டின் பெயரையும், வாயைக் கிழித்து அங்கே குழுவின் பெயரையும் வைத்தார் ரீட். அச்சுக்கோக்கக் காசில்லாதவனுக்கும் பழைய பேப்பர், கத்தரி, பசை இருந்தால் போதும் என்பதால், இளைஞர்கள் நடத்திய சிறு பத்திரிகைகளுக்கும் இது வசதியாகப் போயிற்று.

1984இல் வந்த மெக்கின்டாஷ் கணினிக்காக சூசன் கேர் இந்தப் பாணியிலேயே 'சான் ஃபிரான்சிஸ்கோ' என்ற எழுத்துருவை வரைந்தார். ஆனால் எழுத்துருவில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே எழுத்து இரண்டு தரம் வந்தால் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும். வெட்டி ஒட்டியதல்ல என்பது உடனே தெரிந்துவிடும். இன்றைய ஓப்பன்டைப் எழுத்துருக்களில் ஒரு எழுத்துக்கே பல வடிவங்களை வைத்து, மாற்றி மாற்றி வரும்படி செய்யலாம்.

அப்போதும் கை வேலைக்கு ஈடாகாது. பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் வேறுபட வேண்டும்; சொல்லுக்குச் சொல் இடைவெளி தெளிவாக இருக்க வேண்டும்; சாய்வு அளவோடு நிற்க வேண்டும். தாறுமாறாகத் தெரிகிற அந்த ஒவ்வொரு எழுத்தையும் ஒருவர் பார்த்துப் பார்த்துத் தேர்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் அதைப் படிக்க முடியும்.