மாவுப் படுக்கையில் பிறக்கும் மிட்டாய்

முள்ளுக்குறிச்சிப் பிள்ளைகளுக்குக் குச்சிக்கிழங்கைப் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கொல்லிமலை அடிவாரக் காடுகளில் பிடுங்கிய கிழங்கு லாரி ஏறி சேகோ ஆலைக்குப் போகும். தோல் நீக்கி அரைத்து, வடிகட்டிய பாலைத் தொட்டியில் தேக்கினால் அடியில் வெள்ளை மாவு படியும். ஜவ்வரிசியாக உருளுவது அதுதான். ஸ்டார்ச் என்பதும் அதைத்தான். மிட்டாய்த் தொழிற்சாலைகளில் ஸ்டார்ச்சுக்கு வேறொரு வேலையும் உண்டு. அங்கே அது அச்சு!

மார்ஷ்மெல்லோ தின்றிருக்கிறீர்களா? விரலால் அழுத்தினால் அமுங்கும், விட்டால் எழும்பும். சர்க்கரை, குளுக்கோஸ் பாகு, தண்ணீர் மூன்றையும் காய்ச்சி, சூடு கொஞ்சம் தணிந்ததும் ஊறவைத்த ஜெலட்டினைச் சேர்க்கிறார்கள். பிறகு இயந்திரம் காற்றைச் செலுத்தி, விடாமல் அடிக்கிறது. பாகு வெளுத்து, நுரைத்து, பல மடங்கு உப்புகிறது. தூத்துக்குடி மக்ரூனுக்கு முட்டை வெள்ளைக்கருவை அடித்து நுரையாக்குவார்களே, ஏறக்குறைய அதே வித்தைதான். கடைசியில் மார்ஷ்மெல்லோவின் பருமனில் பாதிக்கு மேல் வெறும் காற்று. காற்றைக் காசு கொடுத்து வாங்குகிறோம்!

சோப்பு நுரை உடைகிறது, இந்த நுரை ஏன் உடைவதில்லை? ஜெலட்டின் ஒரு புரதம். நீளநீளமான அதன் இழைகள் ஆறும்போது ஒன்றோடொன்று பின்னி, காற்றுக்குமிழிகளைச் சிறைபிடித்துவிடும். சுமார் 35 டிகிரி செல்சியஸில் அந்தப் பின்னல் தளரும். நம் வாயின் சூடு 37 டிகிரி. அதனால்தான் மெல்லாமலே கரைகிறது.

இப்போது அச்சுக்கு வருவோம். அகலமான தட்டுகளில் நன்கு காய்ந்த ஸ்டார்ச்சைப் பரப்பி, நட்சத்திரம், மணி, கரடி என்று வேண்டிய வடிவங்களை அழுத்தினால் வரிசையாகக் குழிகள் விழும். குழிகளில் நுரையை ஊற்றுவார்கள். காய்ந்த மாவு ஈரத்தை உறிஞ்ச, மிட்டாய்மேல் மெல்லிய தோல் கட்டும். இறுகியதும் சல்லடையில் கவிழ்த்துத் தட்டினால் மிட்டாய் மேலே நிற்கும், மாவு கீழே கொட்டும். அந்த மாவை உலர்த்தி மறுபடி பயன்படுத்தலாம். பெரும்பாலும் மக்காச்சோள ஸ்டார்ச்சையே இதற்கு வைத்திருக்கிறார்கள்.

எல்லா மார்ஷ்மெல்லோவுக்கும் மாவு அச்சு கிடையாது. அமெரிக்காவின் பெத்லகேம் நகரில் ஜஸ்ட் பார்ன் நிறுவனம் ஈஸ்டர் பண்டிகைக்காக ‘பீப்ஸ்’ என்ற கோழிக்குஞ்சு மிட்டாய் செய்கிறது. வண்ணச் சர்க்கரைப் படுக்கைமேல் குழாய்முனை நுரையைக் குஞ்சு வடிவில் விட்டுச் செல்லும். மேலேயும் சர்க்கரை தூவி, கண்ணுக்கு இரண்டு மெழுகுப் பொட்டு! 1953இல் கையால் பிழிந்து செய்தபோது ஒரு குஞ்சு தயாராக 27 மணி நேரம் ஆனதாம். இயந்திரம் வந்த பிறகு 6 நிமிடம்.

ஒன்று சொல்ல வேண்டும். ஜெலட்டின் விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் கிடைப்பது. சைவ மார்ஷ்மெல்லோவில் அதற்குப் பதில் அகர் அல்லது காராஜீனன் இருக்கலாம். இரண்டுமே கடற்பாசியில் கிடைப்பவை. நம் ராமநாதபுரம் கடலோரத்துப் பெண்கள் முங்கி எடுக்கிறார்களே, அந்தக் கடற்பாசிதான். வீட்டில் சைவம் என்றால் பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.