இரு கைகளும் கருவியில். பக்கத்தைப் புரட்டுவது யார்?

பித்தளை ஊதுகருவி வாசிப்பவருக்கு ஓய்ந்திருக்கும் கை என்று ஒன்று கிடையாது. ட்ரம்பெட்டை இடக்கை தாங்க, வலக்கை விரல்கள் வால்வுகளை அழுத்துகின்றன. டிராம்போனில் இடக்கை எடையைச் சுமக்க, வலக்கை ஸ்லைடு குழாயை நீட்டி மடக்குகிறது. பிரெஞ்சு ஹார்னில் வலக்கை கருவியின் அகன்ற வாய்க்குள்ளேயே இருக்கிறது. எதிரே ஸ்டாண்டில் உள்ள இசைத்தாளைப் புரட்ட வேண்டுமானால், வாசிப்பை நிறுத்தியாக வேண்டும்.

தாம்பரம் வட்டாரத்துத் தேவாலய நிகழ்ச்சிகளில் டிராம்போன் வாசிக்கும் எனக்கு இது பழகிய சிக்கல். அண்மைக்காலமாக, “டேப்லெட் வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடுமா?” என்று இளம் கலைஞர்களின் பெற்றோர் கேட்கின்றனர். தொடக்கநிலை மாணவரின் ட்ரம்பெட்டைவிட ஒரு நல்ல டேப்லெட்டின் விலை கூடுதலாக இருக்கக்கூடும். எனவே, இக்கேள்விக்குப் பொறுப்பான விடை தேவை.

மனப்பாடம் செய்துகொள்ளலாமே எனச் சிலர் எண்ணலாம். நாகஸ்வரக் கலைஞர் தாளைப் பார்த்து வாசிப்பதில்லை. மேற்கத்திய பேண்டு மெட்டுகளைக் காதால் கேட்டே முத்துசுவாமி தீட்சிதர் தம் நோட்டுஸ்வர சாகித்தியங்களை அமைத்தார். ஆனால், கூட்டிசையில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் குரல். முழு மெட்டும் எவர் தாளிலும் இருப்பதில்லை. இடையில் முப்பது, நாற்பது பார்கள் எண்ணியபடி மௌனமாகக் காத்திருக்கவும் நேரும். வயலின் கலைஞர்கள் இருவர் ஒரே ஸ்டாண்டைப் பகிர்வார்கள். ஒருவர் புரட்டும்போது மற்றவர் வாசிப்பார். பித்தளைக் கருவியில் பெரும்பாலும் ஒரு குரலுக்கு ஒருவர்தான். நிமிடத்துக்கு 120 துடிப்புகள் எனும் வேகத்தில், நான்கு துடிப்புள்ள ஒரு பார் இரண்டே விநாடிகளில் முடிந்துவிடும். புரட்டத் தடுமாறினால் சுரக்கூட்டில் ஒரு சுரமே காணாமல் போகும்.

பிரஸ்ஸல்ஸ் பில்ஹார்மோனிக் இசைக்குழு 2012இலேயே தாள்களை விடுத்து டேப்லெட்டுகளுடன் மேடையேறியது. திரையைத் தொடவும் கை வேண்டும் என்பதால் வந்தது கால்மிதி. ப்ளூடூத் வழியே இணையும் இந்த பெடலை, டேப்லெட் ஒரு விசைப்பலகையாகவே கருதுகிறது. மிதித்தால் அம்புக்குறி விசையை அழுத்தியதாக எண்ணிப் பக்கத்தை மாற்றுகிறது. அமர்ந்து வாசிப்பவருக்கு இதுவே நம்பகமான வழி. தாளம் தட்டும் காலை பெடலுக்குத் தரக் கூடாது என்பது மட்டுமே விதி. நின்று வாசிப்பவர் குதிகாலைத் தரையில் ஊன்றியபடி முன்பாதத்தால் மட்டும் மிதிக்கப் பழக வேண்டும். உடல் எடை ஒருபுறம் சாய்ந்தால் மூச்சின் பிடிமானம் குலையும்.

முகக்குறிப்பால் புரட்டும் வசதியும் ஃபோர்ஸ்கோர் போன்ற செயலிகளில் உண்டு. வாயசைவையும் தலைத் திருப்பலையும் கண்சிமிட்டலையும் கேமரா கண்டுகொள்கிறது. பியானோ கலைஞருக்கு இது வரம். எங்களுக்கோ உதடுதான் ஒலியின் பிறப்பிடம். தலை திரும்பினால் ஊதுமுனை நகர்ந்து சுருதி பிசகும். ஒற்றைக் கண்ணைச் சிமிட்டினாலும் கன்னத் தசை இழுபடும். மைக் வழியே இசையைக் கேட்டுத் தானே பக்கம் மாற்றும் மென்பொருளும், பல கருவிகள் ஒருசேர முழங்கும்போது திணறுகிறது. நாற்பது பார் மௌனமாக இருப்பவரிடம் அது எதைக் கேட்கும்?

திறந்தவெளி வேறு கதை. பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் நடப்பதுபோன்ற அணிவகுப்புகளில், நடந்துகொண்டே வாசிக்கும் பேண்டுக்கு பெடலால் பயனில்லை. சூழல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும்போதே ஐபேடைப் பயன்படுத்துமாறு ஆப்பிள் பரிந்துரைக்கிறது. சென்னையின் கோடை அதை எளிதில் தாண்டும். அணிவகுப்பு பேண்டுகள் இதற்கு எப்போதோ தீர்வு கண்டுவிட்டன: உள்ளங்கையளவு அட்டையில் முழு மார்ச்சையும் அச்சிட்டு, லையர் என்னும் கவ்வியால் கருவியிலேயே மாட்டிக்கொள்வது. ஒரே பக்கம் என்பதால் புரட்ட வேண்டியதே இல்லை.

அந்த அட்டை கற்றுத்தரும் பாடத்தையே முதன்மையாகக் கருதுகிறேன். பக்கம் எங்கே முடிய வேண்டும் என்பதைத் தாளைத் தயாரிப்பவர் தீர்மானிக்கிறார். முதல் பக்கத்தை நான்கு பார் ஓய்வில் முடித்தால், வாசிப்பவருக்கு எட்டு விநாடிகள் கிடைக்கும். வெறும் கையே போதும். நீண்ட பகுதியை இரண்டு, மூன்று தாள்களாக ஒட்டி ஸ்டாண்டில் விரிப்பதற்குச் செலவே இல்லை. டேப்லெட் வைத்திருப்போர்க்கும் இது பொருந்தும். ஏ4 தாளின் மூலைவிட்டம் 14 அங்குலத்துக்குச் சற்று மேல். 10 அங்குலத் திரையில் அதே பக்கம் சுருங்கிவிடும். எழுத்தைப் பெரிதாக்கினால் புரட்டல்களும் பெருகும்.

ஆகவே, பெற்றோருக்கு நான் சொல்வது இது: ஏற்கெனவே பெரிய திரை கொண்ட டேப்லெட் வீட்டில் இருந்தால், ஒரு பெடல் வாங்கித் தாருங்கள். இல்லையென்றால், அந்தப் பணத்தை நல்ல கருவிக்கும் ஆசிரியருக்கும் செலவிடுங்கள். தேவாலயங்களும் பள்ளிகளும் தங்கள் பங்குக்கு, இசைத்தாளை நகலெடுக்கும் முன் ஓய்வுகள் எங்கே விழுகின்றன என்று ஒருமுறை பார்த்துப் பக்கம் பிரிக்கட்டும். டேப்லெட் இல்லாத பிள்ளையும் தன் சுரத்தைத் தவறவிடாமல் வாசிக்க அதுவே வழி.