பல்லிடுக்கைப் பிரஷ் எட்டாது

1815-ல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரப் பல் மருத்துவர் லெவி ஸ்பியர் பார்ம்லி, பல்லிடுக்கைப் பட்டுநூலால் சுத்தம் செய்யச் சொன்னார். இரண்டு நூற்றாண்டு கழித்து, 2016-ல், இதற்கான ஆதாரம் மிகவும் பலவீனமானது என்று அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் எழுதியது. உடனே, 'பிரஷ் மட்டுமே போதும்' என்று பலரும் முடிவுகட்டினார்கள். அது அவசர முடிவு. ஆதாரம் போதவில்லை என்பது வேறு, பயனே இல்லை என்று நிரூபணமாவது வேறு.

ஈறு நோய்க்குக் காரணம் பல்லில் படியும் கிருமிப் படலம். 1965-ல் ஹரால்டு லோவும் சக ஆய்வாளர்களும் 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடி துலக்கியதும் அது தணிந்தது. படலத்தை அகற்றினால் ஈறு பிழைக்கும் என்பது அன்றே தெளிவாகிவிட்டது. ஆனால், இரு பற்கள் ஒட்டி நிற்கும் இடத்துக்குள் பிரஷின் இழைகள் போவதில்லை. எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் அங்கே படலம் அப்படியே தங்கிவிடும்.

பிறகு ஏன் ஆய்வுகள் தடுமாறுகின்றன? 2019-ல், மருத்துவ ஆதாரங்களை மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு 35 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. பிரஷோடு நூலோ பல்லிடுக்கு பிரஷோ சேர்ந்தால் ஈறு அழற்சி குறையக்கூடும் என்றது. ஆனால், ஆதாரத்தின் உறுதி குறைவு என்பதையும் மறைக்கவில்லை. பெரும்பாலான ஆய்வுகள் சில வாரங்களோ சில மாதங்களோதான் நடந்தவை. பல் சொத்தையோ மெல்ல வளர்வது, அதன் மீதான பலனை அளக்க அந்தக் காலம் போதாது. 2006-ல் வெளியான இன்னொரு தொகுப்பாய்வு முக்கியமானது. ஃப்ளூரைடு குறைவாகக் கிடைத்த குழந்தைகளுக்குப் பள்ளி நாட்களில் பயிற்சி பெற்றவர்களே நூலால் சுத்தம் செய்தபோது, இடுக்குச் சொத்தை அபாயம் 40 சதவீதம் குறைந்தது. தாங்களே செய்துகொண்ட சிறுவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. எனவே, குறை நூலில் இல்லை, பழகாத கையில்தான் என்று கருத இடமிருக்கிறது.

ரத்தம் வருகிறதே என்று சிலர் பயப்படுவார்கள். அது பெரும்பாலும் ஏற்கெனவே உள்ள அழற்சியின் அடையாளம். மென்மையாகத் தொடர்ந்து செய்தால் ஓரிரு வாரங்களில் குறையும். குறையாவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். இடைவெளி பெரிதாகிவிடும் என்ற பயமும் உண்டு. வீக்கம் வடிந்ததும் முன்பே இருந்த இடைவெளி கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவே. ஊக்கு, குண்டூசி, ஈர்க்குச்சி ஆகியவைதான் ஈறைக் கிழிக்கும். நெருக்கமான பற்களுக்கு நூல், இடைவெளி உள்ளவற்றுக்கு அளவுக்கேற்ற சிறு பிரஷ். எது நமக்குப் பொருந்தும் என்பதைப் பல் மருத்துவரிடம் கேட்டு, செய்துகாட்டச் சொல்லிப் பழகி, நாளுக்கு ஒருமுறை நிதானமாகச் செய்ய வேண்டும். செலவும் சிரமமும் சிறியவை. இழந்த பல்லோ மறுபடி முளைக்காது. இன்னும் உறுதியான ஆதாரம் வரட்டும் என்று அதுவரை காத்திருப்பது விவேகமல்ல.